போனவர் வாசம் பூத்த கோடை

ஆனைச்சுனைக் காட்டில் அந்தக் கோடையில் மரவாழைப் பூக்களெல்லாம் போனவர்களின் வாசத்தோடு பூத்தன. ஏன் அப்படி என்று ஊரில் ஒருவரும் கேட்கவில்லை, கேட்டிருந்தாலும் சொல்ல ஆளில்லை, ஆகவே அதை இங்கேயே விட்டுவிடுவோம்.

காடு என்றதும் யானை புலி என்று நினைக்க வேண்டாம். சிறுமலை அடிவாரத்தில், பஸ் வந்து திரும்புகிற இடத்துக்குப் பின்னால் ஒரு சுனை, சுனையைச் சுற்றி நாவலும் இலுப்பையும் மருதுமாகக் கொஞ்சம் நிழல், அவ்வளவுதான். சித்திரை வெயிலில் சுனை வற்றிச் சேறாகும். அந்தச் சேற்றில் வண்ணத்துப்பூச்சிகள் கூட்டங்கூட்டமாக இறங்கி, சுருட்டி வைத்திருக்கிற குழலை நீட்டி மண்ணிலிருக்கும் உப்பை உறிஞ்சும். அதே நாட்களில்தான், மரக் கவைகளில் ஒட்டிக்கொண்டு வருஷம் முழுக்கச் செத்த கயிறுபோலத் தொங்குகிற மரவாழைகள், கல்லூரி டீச்சர் ஆர்க்கிட் என்கிறாளே அவை, வெள்ளையும் ஊதாவுமாகக் குலை தள்ளிப் பூக்கும். பூச்சியையும் பூவையும் பார்க்க ஞாயிற்றுக்கிழமையானால் டீச்சர் மங்கையர்க்கரசி திண்டுக்கல்லிலிருந்து பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருவாள். மற்ற நாளெல்லாம் வருகிறவர் ஒரே ஆள். இன்னாசி.

பேசினால் ஒரு வார்த்தை, இன்னும் கேட்டால் அரை வார்த்தை, அதற்கு மேல் கேட்டால் எழுந்து போய்விடுவார். மீசை முளைக்கும் முன்பே தோல்ஷாப்பில் சுண்ணாம்புக் குழிக்குள் இறங்கியவர். உப்புத் தடவி வந்த ஆட்டுத் தோலையும் மாட்டுத் தோலையும் ஊறப்போட்டு, மிதித்து, மயிர் வழித்து, கடுக்காயும் ஆவாரம்பட்டையும் ஊறின தண்ணீரில் முக்கி முக்கி எடுத்து, அந்த வேலை முதல் காரியமாக அவருடைய மூக்கைத் தின்றுவிட்டது. கல்யாணத்துக்கு முன்பே மூக்கு செத்தாயிற்று. அதற்குப் பிறகு மல்லிகைப் பூவும் மாட்டுச் சாணியும் அவருக்கு ஒன்றுதான். பிரகாசியைக் கட்டி, அவளோடு ஒரு ஆயுசு குடித்தனம் நடத்தி, அவளைக் கல்லறையிலும் வைத்துவிட்டு வந்தார்; அவள் எப்படி மணப்பாள் என்று மட்டும் அவருக்குத் தெரியாது.

அவளுக்கோ மூக்கு இருந்தது. பாவம். தினமும் சாயங்காலம் ஒரே பாட்டுத்தான். "குடலைப் பிடுங்குது. சட்டையக் கழத்திக் கொல்லைக் கொடியில போட்டுட்டு உள்ள வாங்க." தோல்ஷாப்பை மூடினார்கள், கடைசி நாள் போட்டிருந்த சட்டை கொடியிலேயே கிடந்தது, வெயிலிலும் பனியிலும் கிடந்து நைந்தது, ஏன் துவைக்கவில்லை என்று இவர் கத்தினார், நாளைக்கு என்றாள், நாளைக்கு நாளைக்கு என்று வருஷக்கணக்கில் சொல்லிக்கொண்டே இருந்தாள், சோம்பேறிக் கழுதை என்று நினைத்துக்கொண்டார், சட்டை நூல்நூலாக உதிர்ந்த பிறகும் அதன் காலர் மட்டும் கொடியில் தொங்கியது. பிறகு அவளுக்குச் சர்க்கரை வந்தது, காலில் புண் வந்தது, போய்விட்டாள். பிள்ளை கிடையாது. வீட்டுக்குள் உட்கார முடியவில்லை. அதனால் சுனைக்கரைப் பாறையில் வந்து உட்கார்ந்தார்.

உட்கார்ந்தால் பூச்சிகள் வரும். சேற்றில் உட்காருவது போலவே அவர் கழுத்திலும் முழங்கையிலும் உட்கார்ந்து வேர்வையை உறிஞ்சும். அவர் விரட்டமாட்டார். காக்கி நிறத்தில் மிதப்பாகச் சுற்றுவது ஏட்டு; வெள்ளையில் கறுப்புக் கோடு போட்டு வரிசையாக வந்து இறங்குகிறவை கன்னியாஸ்திரிகள்; கறுப்பும் நீலமுமாகப் பெரிய இறகோடு தனியாகத் திரிவதை மட்டும் பெயர் வைக்காமல் பார்த்துக்கொண்டிருப்பார். டீச்சர் ஒரு நாள் சொன்னாள், "ஐயா, இதுங்களுக்கு உப்புன்னா உசிரு."

"எனக்குந்தான்," என்றார் இன்னாசி. "டாக்டரு கூடாதுங்கறான்."

அந்த வருஷம் அவர்களிடையே நடந்த பேச்சு அவ்வளவுதான்.

இப்படி இருக்கையில், பஸ் திரும்புகிற இடத்தில் டீக்கடை வைத்திருக்கிற ஒச்சம்மா சுள்ளி பொறுக்கக் காட்டுக்குள் போனவள், நாவல் மரத்தடியில் அப்படியே நின்றாள். விளக்கெண்ணெய், அங்கணத்தில் துப்பின புகையிலை, வெயிலில் காயப்போட்ட கண்டாங்கி, இவ்வளவும் சேர்ந்த வாசம். அவளுடைய அம்மாவின் வாசம். அண்ணாந்து பார்த்தாள், கவையிலிருந்து ஒரு மரவாழைக் குலை தொங்கியது. சுள்ளியைக் கீழே போட்டாள், "வந்துட்டியா" என்றாள், முந்தானையால் மூக்கைச் சிந்தினாள், பஸ் வருகிற நேரம் என்பதால் திரும்பி வந்து பால் பாத்திரத்தை அடுப்பில் ஏற்றினாள். டிரைவருக்கு டீயைக் கொடுக்கும்போது, சர்க்கரை போதுமா என்று கேட்கிற அதே குரலில் விஷயத்தைச் சொன்னாள். டிரைவர் டீயோடு காட்டுக்குள் போனார். அன்றைக்கு பஸ் லேட்.

பிறகு ஊர் வந்தது, பக்கத்து ஊர் வந்தது, டவுனிலிருந்து வேன் வைத்துக்கொண்டு வந்தார்கள். ஒவ்வொரு குலையிலும் ஒவ்வொரு ஆள் இருந்தார். தேடி வந்தவர் மரம் மரமாக மூக்கை நீட்டிக்கொண்டு போய், தன் ஆள் வந்ததும் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். ஒரு வாரத்துக்குள் அது திருவிழாவுமில்லை இழவுமில்லை என்கிற ஒரு பழக்கத்துக்கு வந்துவிட்டது. பவுடர் பூசி வரக்கூடாது, மல்லிகை வைத்து வரக்கூடாது, பீடி கூடாது என்று பஞ்சாயத்துத் தலைவர் வெள்ளைச்சாமி போர்டு எழுதி வைத்தார். பஸ் நிறுத்தத்தில் பூ விற்கிறவள் தன் பிழைப்பில் மண் விழுந்ததென்று அவர் வீட்டு வாசலில் போய்க் கத்தினாள். இரண்டு பெண்டாட்டிக்காரரான ஒரு லாரி டிரைவர் இலுப்பை மரத்தில் பூத்தார். காலையில் மூத்தவள், சாயங்காலம் இளையவள் என்று ஒப்பந்தம் செய்துகொண்டார்கள், உயிரோடு இருக்கும்போது அவர் எவ்வளவோ முயன்றும் நடக்காத ஒப்பந்தம். சபை இதைத் தடுக்கவுமில்லை, சிபாரிசு செய்யவுமில்லை என்று பங்குச்சாமியார் பிரசங்கத்தில் சொல்லிவிட்டு, மறுநாள் சைக்கிளைக் காட்டோரமாகச் சாத்திவைத்துவிட்டு அவருடைய அம்மாவைத் தேடிப் போனார். வழியில் மாரியம்மன் கோயில் பூசாரி எதிரே வந்தார். இருவரும் வெயிலைப் பற்றிப் பேசிக்கொண்டார்கள். டீச்சருக்கு அவளுடைய அப்பாவின் மூக்குப்பொடி கிடைத்தது. எவனோ ஒருவன் குலையோடு பறித்துப் பிளாஸ்டிக் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோனான். வீட்டில் போய்ப் பிரித்தபோது பிளாஸ்டிக் பைதான் நாறியது. அதற்குப் பிறகு யாரும் பறிக்கவில்லை.

ஒரு சந்தேகம் மட்டும் வந்தது. சீனியம்மா என்கிறவளுடைய மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். அவன் வாசம் ஒரு குலையில் வந்துவிட்டது. அவள் மாரில் அடித்துக்கொண்டு காட்டிலேயே விழுந்தாள். யாரோ போன் போட்டுக் கொடுத்தார்கள். "பரோட்டா தின்னுட்டிருக்கேன், வைம்மா," என்றான் மகன்.

"அப்ப இது செத்தவுக வாசம்னு கணக்கில்ல," என்றாள் ஒச்சம்மா, டீயை ஆற்றிக்கொண்டே. "யாருக்கு யாரைத் தேடுதோ அவுக வாசம். எங்க போனா என்ன? போனா போனதுதான்."

வெள்ளைச்சாமியும் யோசித்துப் பார்த்து, அப்படித்தான் என்று சொல்லிவிட்டார். ஊரில் அதுவே தீர்ப்பு.

இன்னாசிக்கு முதலில் எரிச்சல்தான். அவருடைய பாறையில் டவுன்காரி ஒருத்தி டிபன் கேரியரைத் திறந்து வைத்திருந்தாள். மனிதக் கால்பட்டுச் சேறெல்லாம் மிதிபட்டுக் கன்னியாஸ்திரிகள் இறங்க இடமில்லாமல் அலைந்தார்கள். எழுந்து சுனையின் அந்தக் கடைசிக்குப் போனார். அங்கே ஒற்றை மருத மரம். அதன் கீழே ஒரு ஈக்குஞ்சு கூடக் கிடையாது. மரத்தில் ஒரு குலை பூத்திருந்தது, பெரிய குலை. அப்படியும் ஏன் ஆளில்லை என்பது சீக்கிரமே தெரிந்தது: வழி தவறி அந்தப் பக்கம் வந்த ஒரு குடும்பம் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடியது.

"அந்தப் பூவுல எவனோ தோல்ஷாப்புக்காரன் வந்திருக்கான்," என்றான் காட்டுக் காவலுக்கு இருக்கும் கருத்தப்பாண்டி, எட்ட நின்று. "எப்படித்தான் அதுக்குக் கீழ உக்காந்திருக்கியளோ."

"எனக்கு மூக்கில்ல."

"குடுத்து வச்ச ஆளு."

அந்த மரத்தடியில் நல்ல நிழல். பூச்சிகளும் மெல்ல மெல்ல அங்கேயே வந்து சேர்ந்தன. ஏட்டு வந்தான், கன்னியாஸ்திரிகள் வந்தார்கள், பெயர் வைக்காத அந்தக் கறுப்பு நீலமும் வந்து குலையில் உட்கார்ந்து எழுந்து உட்கார்ந்தது. இந்தக் கூட்டத்தில் எவனெவனோ அழுகிறானே, தனக்கென்று அழ ஆளில்லாமல் இந்தத் தோல்ஷாப்புக்காரன் மட்டும் ஏன் தனியாகப் பூத்திருக்கிறான் என்று இன்னாசி நினைத்துப் பார்த்தார். கூட வேலை பார்த்தவர்களை ஒவ்வொருவராக எண்ணினார். செத்தவர் நிறையப் பேர். எவனாகவும் இருக்கலாம். "இரு," என்றார் அண்ணாந்து. "நானும் சும்மாதான் இருக்கேன்."

ஆனால் அங்கிருந்து பார்த்தால் மற்ற மரங்களின் கீழே நிற்கிறவர்களின் முகம் தெரியும். அதுதான் தொந்தரவாகிவிட்டது. மூக்கை நீட்டிக்கொண்டு போகிற முகம், சட்டென்று நிற்கிற முகம், கண்ணை மூடி, வாய் லேசாகத் திறந்து, குழந்தை பால் குடித்து முடித்த மாதிரி ஆகிற முகம். காலையிலிருந்து பொழுது சாய்கிறவரை அதையே பார்த்துக்கொண்டிருந்தால் எந்தக் கல்லுக்கும் ஆசை வந்துவிடும். இவ்வளவு குலைகளில் ஒன்றில் பிரகாசி இருப்பாள். இருந்தே ஆகவேண்டும். எதில் என்று தெரிந்தால் போதும், மணம் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் அதன் கீழே போய் உட்கார்ந்துகொள்ளலாம். பிறத்தியான் அம்மாவுக்குக் கீழே போய் உட்கார்ந்து ஏமாறக்கூடாது, அவ்வளவுதான்.

ஆள் நடமாட்டம் குறைந்த ஒரு மத்தியானம் ஒச்சம்மா கடைக்கு வந்து நின்றார். டீ கேட்கவில்லை.

"என்னண்ணே?"

"பிரகாசி எந்த மரத்துலன்னு பாத்துச் சொல்லு."

ஒச்சம்மா கிளாஸைக் கழுவுவதை நிறுத்தினாள். "எனக்கு எப்படிண்ணே தெரியும்? அந்தக்கா எப்படி மணக்கும்னு நான் கண்டேனா?"

"உங்கிட்டத்தான பால் வாங்குவா."

"வாங்கும். எட்ட நின்னு வாங்கும். செம்ப அந்த பெஞ்சுல வச்சிட்டுத் தள்ளி நிக்கும், நான் ஊத்தினப்புறம் வந்து எடுத்துக்கும்." அவள் கொஞ்சம் தயங்கினாள். "உங்க வீட்டு நாத்தம் தன் சேலையிலயும் இருக்கும்னு அதுக்கு ஒரு நெனப்புண்ணே. யார் பக்கத்துலயும் வராது. கல்யாண வீட்டுலகூடக் கடைசி வரிசைதான். நாங்களும் வான்னு சொல்லல, அதையும் சொல்லணும்."

இன்னாசி அங்கேயே நின்றார். பால் பொங்கியது. ஒச்சம்மா அதை இறக்கிவைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தபோதும் நின்றுகொண்டிருந்தார்.

"அதுக்குக் கூடப் பொறந்த பொறப்பு ஒண்ணு இருந்துச்சே," என்றாள். "அதுகிட்டக் கேளுங்க."

கேட்க முடியாது. அதுதான் விஷயம். பிரகாசியின் தங்கை அமலோற்பவம் வத்தலக்குண்டில் இருக்கிறாள். அவளோடு பேச்சுவார்த்தை கிடையாது. அந்தப் பக்கத்தில் ஒரு பெண் செத்தால் அவள் பிறந்த வீட்டிலிருந்து ஒரு புதுச்சேலை வரவேண்டும், அதைப் போர்த்தித்தான் பெட்டியை மூட வேண்டும், கோடி என்பார்கள், கோயிலுக்குப் போகிறவர்கள் ஆனாலும் சர்ச்சுக்குப் போகிறவர்கள் ஆனாலும் இதில் மாற்றமில்லை. பிறந்த வீடு என்று பிரகாசிக்கு இருந்தது அந்தத் தங்கை ஒருத்திதான். அவள் கோடியோடு ஏறின பஸ் வழியில் நின்றுவிட்டது. சாமியார் வந்து காத்திருந்தார், பந்தலில் இருந்தவர்கள் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்கள், வெயில்; இன்னாசிக்குக் காத்திருந்து பழக்கமில்லை. "எடுங்க, போலாம்," என்று சொல்லிவிட்டார். அமலோற்பவம் வந்து சேர்ந்தபோது குழிமேல் மண்ணைத் தட்டிச் சமன் செய்துகொண்டிருந்தார்கள். அவள் அழவில்லை, சண்டை போடவில்லை; மஞ்சள் பையில் இருந்த சேலையை நெஞ்சோடு அணைத்தபடி இவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு வந்த பஸ்ஸிலேயே திரும்பிப் போனாள்.

அதற்குள் மேற்கே மேகம் கட்ட ஆரம்பித்தது. முதல் மழை விழுந்தால் மரவாழை உதிர்ந்துவிடும் என்பது எல்லாருக்கும் தெரியும். அதனால் கூட்டம் இன்னும் நெருக்கியது, காற்றும் திரும்பியது. திரும்பின காற்று சுனையின் கடைசியிலிருந்து வீசியது.

"இது சரிப்படாதுய்யா," என்றார் வெள்ளைச்சாமி. "எங்கப்பா வெத்தலைக் கொடிக்கால்காரரு. மனுசன் பக்கத்துல வந்தாலே பச்சை வெத்தலை மணக்கும். இப்பக் காத்தடிச்சா அவரோட சேர்ந்து அழுகின மாட்டுத்தோலும் வருது. இருக்கறது ரெண்டு நாளோ மூணு நாளோ. அந்தக் குலைய எறக்கிருவோம். யாரும் அதுக்கு உரிமைன்னு வரவுமில்ல."

"நான் டீ குடிக்கப் போற நேரமாப் பாத்து எறக்கிக்கங்க," என்றான் கருத்தப்பாண்டி.

இன்னாசியிடம் கேட்டார்கள், தினமும் அங்கே உட்காருகிற ஆள் என்கிற மரியாதைக்கு. அவர் மனசு வேறெங்கோ இருந்தது. "எனக்கென்ன," என்றார். நீளக் காம்பு போட்ட அரிவாள் ஒருவரிடமும் இல்லை. அவர் வீட்டில் இருந்தது. அதையும் எடுத்துக் கொடுத்துவிட்டு, நாளைச் சாயங்காலம் வேலையை வைத்துக்கொள்ளுங்கள், காலையில் எனக்கு ஆள் வருகிறது என்று சொல்லிவிட்டு, சலவைச் சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு வத்தலக்குண்டு பஸ்ஸில் ஏறினார். ஆள் வருகிறதா இல்லையா என்பது அப்போது அவருக்கே தெரியாது.

அமலோற்பவம் வாசலில் உட்கார்ந்து முருங்கைக் கீரை உருவிக்கொண்டிருந்தாள். நரைத்துவிட்டாள். அக்காவின் அதே நெற்றி.

"யாரு?" என்றாள், பார்த்துவிட்டு.

"நான்தான்."

"நான்தான்னா?"

"இன்னாசி."

"அப்படி எனக்கு யாரையும் தெரியாது." கீரையை உருவினாள். "மச்சான்னு ஒருத்தர் இருந்தாரு. அவருக்குப் பொறுமை இல்ல, போய்ட்டாரு."

அவர் வெயிலிலேயே நின்றார். அவளும் உட்காரச் சொல்லவில்லை. காம்புகள் ஒரு பக்கமும் இலைகள் ஒரு பக்கமும் குவிந்தன. எப்போதும் எழுந்து போய்விடுகிற ஆள், அன்றைக்குப் போகவில்லை. முறத்தில் இருந்த கீரை முழுக்கத் தீர்ந்த பிறகு அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"இன்னுமா நிக்கிறீங்க? ஆச்சரியந்தான். என்ன வேணும்?"

"மூக்கு."

"என்னது?"

"உன் மூக்கு. ஒரு நாளைக்கு வேணும்."

அவர் சொல்லத் தெரிந்தவரைக்கும் சொன்னார். மரவாழை, வாசம், ஒச்சம்மா, பால் செம்பு. அவரது வாழ்நாளில் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியதில்லை. அவள் மடியில் ஒட்டிய இலைகளைத் தட்டிவிட்டாள்.

"அவ எப்படி மணப்பான்னு உங்களுக்குத் தெரியவே தெரியாதா?"

"தெரியாது."

"அடப் பாவி மனுசா." திட்டுகிற குரலில் இல்லை. "மஞ்சள் தேச்சுக் குளிச்சிட்டு, அடுப்படியில நின்னு, வேர்த்து... ஐயோ, அதை எப்படி வாயால சொல்றது." எழுந்தாள். "அன்னிக்கி அந்த பஸ்ஸு செம்பட்டியில நின்னுருச்சு. டயரு. நான் டிரைவர் காலப் பிடிக்காத குறை."

"பொறுத்திருக்கணும்," என்றார் இன்னாசி.

அவள் முறத்தைச் சுவரோடு சாய்த்து வைத்தாள். பிறகு உள்ளே போய் அந்த மஞ்சள் பையை எடுத்துக்கொண்டு வந்தாள்; எதற்கு அது என்று இவர் கேட்கவில்லை.

மறுநாள் காலையில் இருவரும் காட்டுக்குள் இறங்கினார்கள். அவள் முன்னால், இவர் பின்னால். வானம் மூடிக்கொண்டிருந்தது. நாவல் மரங்களைப் பார்த்தாள், இலுப்பைகளைப் பார்த்தாள், வரிசையில் நின்றாள், முண்டியடித்தாள், லாரிக்காரரின் காலைநேரப் பெண்டாட்டியிடம் வழி விடச் சொல்லிச் சண்டை போட்டாள், ஒவ்வொரு குலைக்கும் கீழே அண்ணாந்து மூச்சை இழுத்து, தலையை ஆட்டி, அடுத்ததற்குப் போனாள். யார் யாருடைய அப்பன்களும் ஆத்தாள்களும் அவள் மூக்கின் வழியாகப் போய் வந்தார்கள், சாம்பிராணியும் சுருட்டும் வேப்பெண்ணெயும் மாத்திரையும் பசும்பாலும், அவரவர் வாழ்ந்து முடித்த வாழ்க்கையெல்லாம் போய் வந்தது. அக்கா மட்டும் வரவில்லை. ஒவ்வொரு தலையாட்டலுக்கும் இன்னாசியின் தோள் இன்னும் கொஞ்சம் இறங்கியது. மத்தியானம் தாண்டிற்று. பார்க்காத மரமில்லை.

"இல்ல மச்சான்," என்றாள். "அக்கா இங்கன எங்கயும் இல்ல."

"சரி."

"நீங்க அவளைத் தேடுறது உண்மைன்னா பூத்திருக்கணுமே."

"மணமே தெரியாதவன் தேடுனா என்னன்னு பூக்கும்?" என்றார். அது ஒரு கேள்வியே இல்லை. திரும்பி, பழக்கத்தில், சுனையின் கடைசிக்கு நடந்தார். நடந்து களைத்த அவளும் பின்னால் வந்தாள், உட்கார ஒரு கல் கிடைத்தால் போதுமென்று. மருத மரத்தை நெருங்கினபோது முந்தானையை எடுத்து மூக்கைப் பொத்தினாள். நாலு எட்டு வைத்தாள். நின்றாள். முந்தானையைக் கீழே விட்டாள்.

"என்ன?"

"இங்கதான் தினமும் உக்காருவீங்களா?"

"ஆமா. நாத்தமாம். ஒரு பய வரமாட்டான். எவனோ தோல்ஷாப்புக்காரன். சாயங்காலம் வெட்டப் போறாங்க."

அவள் குலைக்கு நேர் கீழே போய் நின்றாள். அண்ணாந்தாள். காலையிலிருந்து அவர் எல்லார் முகத்திலும் பார்த்தது அவள் முகத்திலும் வந்தது, ஆனால் கண் மூடவில்லை.

"தோல் மட்டுமில்ல," என்றாள். "சுண்ணாம்பு, ஆவாரம்பட்டை, செவப்புச் சோப்பு, அதுக்குக் கீழ வேர்வை. மச்சான், இது கொல்லைக் கொடியில தொங்கின சட்டை."

"எவன் சட்டை?"

"உங்க சட்டை. ஒருவாட்டி நான் வந்திருந்தப்ப துவைக்க எடுத்தேன். அக்கா ஓடி வந்து கையில அடிச்சா. ஷாப்ப மூடிட்டாங்க, இனிமே வேற சட்டை வராது, இருக்கட்டும்டின்னா. ஆளில்லாத நேரத்துல அதுல மூஞ்சிய வச்சுக்கிட்டு நிப்பா. எங்கிட்டச் சத்தியம் வாங்கினா, உங்ககிட்டச் சொல்லப்புடாதுன்னு."

இன்னாசி மரத்தைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

"நான் உசுரோடதான இருக்கேன்."

"இருக்கீங்க."

"எங்கயும் போகலையே. இங்கனயேதான கிடக்கேன். போனவ அவ."

"இங்கிருந்து பாத்தா அவ போனவ," என்றாள் அமலோற்பவம். "அங்கிருந்து பாத்தா?"

பெரிய காற்று ஒன்று வந்து குலையை ஆட்டிவிட்டுப் போனது. சுனைக்கு அந்தப் பக்கம் நிற்கிறவர்கள் மூக்கைப் பொத்துவதும், யாரோ ஒருவன் காறித் துப்புவதும் தெரிந்தது. அந்த நேரத்துக்குத்தான் வெள்ளைச்சாமி நாலு பேரோடு வந்தார்; ஒருவன் தோளில் இன்னாசியின் அரிவாள்.

அமலோற்பவம் அவர்களைப் பார்த்துவிட்டு மஞ்சள் பையைத் திறந்தாள். கத்திரிப்பூ நிறத்தில் ஒரு சேலை, மடிப்புகளில் வெளுத்திருந்தது. உதறினாள், மருத மரத்தின் அடியை ஒரு சுற்றுச் சுற்றினாள், கை எட்டாத பக்கத்தில், "பிடிங்க மச்சான்," என்றாள், அவர் பிடித்தார், இருவருமாகச் சுற்றி முடித்து, மேல் தலைப்பைக் கவையில் போட்டு முடிந்தார்கள்.

"என்னம்மா இது?" என்றார் வெள்ளைச்சாமி.

"கோடி."

"யாருக்கு?"

"எங்கக்காவுக்கு. பொறந்த வீட்டுக் கோடி. கொஞ்சம் லேட்டாயிருச்சு."

வெள்ளைச்சாமி தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். மற்றவர்களும் எடுத்தார்கள். கோடி போர்த்திய இடத்தில் கைவைக்க அந்தப் பக்கத்தில் எவனுக்கும் துணிச்சல் கிடையாது. தாசில்தார் உத்தரவு போட்டாலும் நடக்காது. அரிவாளை வாங்கி, காம்புப் பக்கமாக இன்னாசியிடம் நீட்டினார்.

"ஒங்களோடதுதான்."

"ம்."

"நாங்க வேணா அந்தப் பக்கமாத் தள்ளி நின்னுக்கறோம். எங்கப்பா கோவிச்சுக்க மாட்டாரு." போகிற போக்கில் திரும்பி, "நல்லாத்தான் நாறுதுண்ணே," என்றும் சொல்லிவிட்டுப் போனார். அது சமாதானத்துக்குச் சொன்னது.

முதல் தூறல் இலையில் விழுந்து சத்தம் கேட்டது, இன்னும் ஆள்மேல் விழவில்லை. காடெங்கும் ஆட்கள் கடைசி மூச்சு இழுத்துக்கொண்டு, செருப்பைத் தேடிக்கொண்டு, ஒருவரை ஒருவர் கூப்பிட்டுக்கொண்டு ஓடினார்கள். இன்னாசி மரத்தடிக் கல்லில் உட்கார்ந்தார். அரிவாளைப் பக்கத்தில் வைத்தார். அமலோற்பவம் நின்றாள்.

"எப்படி இருக்கு?" என்றார்.

"எது?"

"வாசம்."

"வாசமா? நாறுது."

"ரொம்பவா?"

"குடலைப் பிடுங்குது, மச்சான்."

"ம்," என்றார்.

அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. ஈரம் மட்டும் மூக்கில் ஏறியது, அது எல்லார் மூக்கிலும் ஏறுகிற ஈரம். ஆனாலும் மற்றவர்கள் செய்தது போல ஒருமுறை அண்ணாந்து, கண்ணை மூடி, மூச்சை இழுத்துப் பார்த்தார். குலையில் ஒதுங்கியிருந்த கறுப்பும் நீலமுமான அந்தப் பூச்சி, பெயர் வைக்காதது, மழைக்கு ஓடாமல் கீழே இறங்கி அவர் முகத்துக்கு வந்து, கண்ணுக்குக் கீழே, கன்னத்து மேட்டில் உட்கார்ந்து, இறகை மூடிக் குழலை நீட்டியது. அவர் அசையவில்லை. அமலோற்பவம் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

உப்பு எங்கே இருக்கிறதோ அங்கே அது உட்காரும். வேறொன்றுமில்லை.